புகைக்கு விலகிப் போனவர்கள்

1. ஆள் இருக்கிற இடம்

ரெட்டினா ஓ.பி., அதாவது விழித்திரை நோயாளிகளைப் பார்க்கும் நாள் என்றால் எங்கள் கண் ஆஸ்பத்திரியின் சொட்டு மருந்து அறையில் நிற்கக்கூட இடம் இருக்காது. சுவரோரமாக நீள பெஞ்சுகள். மருந்து விட்டுக்கொண்டவர்கள் கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்து, வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கண்மணி விரியும்வரை திறக்கக் கூடாது. அத்தனை பேர் இருந்தும் அங்கே சத்தம் இருக்காது. கண்ணை மூடச் சொன்னால் மனிதர்கள் வாயையும் மூடிக்கொள்வார்கள். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் முதல் நாள் அந்த அறையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிடுவார்கள். எனக்கு அது பழகிப்போன இடம்.

ஒரு நாள் காலை ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு சாமி வந்தார். திருவனந்தபுரத்தில் அக்கிரகாரத்து ஆட்களை மலையாளத்துக்காரர்கள் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களுக்கும் அதுவே பழக்கம். பெயர் மகாதேவன். சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. மருமகள் ஜெயஸ்ரீ கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை.

அவர் பெஞ்சின் மூலையில் போய் உட்காராமல், மூலைக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். எதிரே ஒரு வயதான அம்மச்சி உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"சாமி, கொஞ்சம் அங்கோட்டு நீங்கி இருங்க. இந்த அம்மச்சியும் உக்காரட்டும்" என்றேன்.

"எங்க நீங்கறது? ஆள் இருக்கே" என்றார்.

மூலையில் யாரும் இல்லை. வெறும் பலகை.

நான் அந்த இடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. "இல்ல, இல்ல. ஒண்ணுமில்ல. நான் என்னமோ நெனச்சுண்டு" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார். அவர் நகர்ந்த விதம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குப் போகிறவர் பக்கத்து ஆளின் முட்டியில் படாமல் வேட்டியை ஒதுக்கிப் போவார் அல்லவா, அப்படி, யாரோ ஒருவரின் காலில் படாமல் ஒதுங்கிப் போய் உட்கார்ந்தார்.

நான் தென்காசிப் பக்கத்தில் பிறந்தவள். காலியிடத்துக்கு ஒருவர் அப்படி மரியாதை கொடுத்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆனாலும் கையில் மருந்துப் பாட்டில் இருந்தது, வரிசை நீளமாக இருந்தது. வேலையைப் பார்த்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டிட வேலைக்கு வந்த புருஷனோடு இந்த ஊருக்கு வந்தவள் நான். அந்தக் கண் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கத்தான் சேர்ந்தேன். பெரிய டாக்டர் ஒரு நாள் என் கையைப் பார்த்து, "பேச்சியம்மா, உன் கை நடுங்காது. வா" என்று மருந்து விடக் கற்றுக்கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற படிப்புதான் எனக்கு. ஆனால் ஓய்வு பெறும்வரை என் கை நடுங்கவில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கண்ணில் மருந்து விடுவது எளிதாகத் தெரியும். கீழ் இமையை இழுத்து, அந்தக் குழியில் ஒரு சொட்டு விட வேண்டும். கருவிழிமேல் நேராக விழுந்தால் ஆள் துள்ளிவிடுவார். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. அதற்கு முகத்துக்கு மிகவும் கிட்டே போக வேண்டும். கட்டின பெண்டாட்டிகூட அத்தனை கிட்டே வந்து பார்த்திருக்க மாட்டாள். காலையில் என்ன சாப்பிட்டார், என்ன தைலம் தேய்த்தார், என்ன குடித்தார் எல்லாம் அப்போது மூக்குக்குத் தெரிந்துவிடும்.

மகாதேவன் சாமியிடம் ஏலக்காய் மணத்தது. ஏலக்காய்க்குக் கீழே சிகரெட்.

புகைக்கிறவர்களின் கண்ணைத் தொட்டாலே எனக்குத் தெரியும். கண் காய்ந்து கிடக்கும், ஓரம் சிவந்திருக்கும். மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, விளக்கைப் பார்த்தால் கூசுகிறது என்று வருஷக்கணக்கில் சொட்டு மருந்து வாங்கிப் போகிறவர்களில் சட்டைப்பையில் சிகரெட் வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். காய்ந்த கண்ணில் நல்ல மருந்து விழுந்தாலும் எரியும். இவருக்கும் எரிந்தது. "அய்யோ, மொளகாப்பொடியா?" என்று முகத்தைத் திருப்பினார்.

"சாமி, காலையில ஒண்ணு இழுத்தீங்க, அல்லே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நானா? சிவசிவா! நிறுத்தி எத்தன காலமாச்சு" என்றார். சொல்லும்போது முகம் மருமகள் நின்ற பக்கம் திரும்பியது. அவளுக்குத் தெரியாது என்று புரிந்துகொண்டேன். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

எரிச்சலும் சிவப்பும் வெளியே தெரிகிற சங்கதி. நான் பார்த்துப் பயந்ததெல்லாம் கண்ணுக்கு உள்ளே நடப்பதைத்தான்.

2. நடுவில் ஒரு வட்டம்

ரெட்டினா டாக்டர் சின்ன வயசு. மலையாளத்துப் பெண். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவாள். மெஷினில் நோயாளியின் தலை ஆடாமல் பின்னால் பிடித்துக்கொள்வது என் வேலை, அதனால் எல்லாம் என் காதில் விழும்.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னாள்: "சாமீ, இடது கண்ணுட நடுபாகம் போயி. அது வடு ஆயிடுச்சு, இனி திரும்ப வராது. வலது கண்ணுல இப்பத்தான் கசிவு துடங்கியிருக்கு. இந்த வாரமே இஞ்செக்ஷன் வேணும். லேட் ஆச்சுன்னா இதும் அதுபோல ஆகும்."

நடுப்பாகம் போவதென்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண் முழுக்க இருட்டாகிவிடாது. ஓரத்தில் எல்லாம் தெரியும். எதை நேராகப் பார்க்கிறீர்களோ அது மட்டும் தெரியாது. எதிரே இருக்கிறவரின் தோள் தெரியும், காது தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் இருக்கும். வயசான காலத்தில் யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் புகை பிடித்தவர்களுக்கு அது அதிகம் வருகிறது, சீக்கிரமும் வருகிறது என்று எங்கள் டாக்டர்கள் எல்லாரும் சொல்வார்கள். புரை விழுவதும் அப்படித்தான்.

"நெலப்படி வளைஞ்சு தெரியறதுன்னு அப்பா சொல்லிண்டே இருந்தார் டாக்டர். நான் அவர் கண்ணாடி சரியில்லன்னு நெனச்சேன்" என்றாள் ஜெயஸ்ரீ.

"சிகரெட் உண்டோ?" என்று டாக்டர் கேட்டாள்.

"பண்டு உண்டாயிருந்தது. இப்ப இல்ல" என்றார் சாமி.

"இனி ஒண்ணுகூட பாடில்லை, பிடிக்கவே கூடாது, கேட்டோ? நான் ஒரு பக்கம் ஊசி போட்டு, சாமி ஒரு பக்கம் புகை விட்டா, நான் தோத்துப்போவேன்."

சாமி தலையாட்டினார். எழுந்து கதவுவரைக்கும் போனவர் நின்றார். "டாக்டர், இருக்கறது தெரியாமப் போறது, அது சரி. இல்லாதது..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, வெளில எவ்ளோ பேர் காத்துண்டிருக்கா. வாங்கோ" என்று ஜெயஸ்ரீ கையைப் பிடித்தாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. வெளியே உண்மையாகவே கூட்டம் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஊசிக்கு வியாழக்கிழமை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

3. மாடி அறை

வியாழக்கிழமை அவர் வரவில்லை. மறுநாள் ஜெயஸ்ரீ மட்டும் வந்தாள். டாக்டரைப் பார்க்க வந்திருப்பாள் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தாள்.

"சேச்சி, அப்பா வர மாட்டேங்கறார். மாடி ரூம்ல கதவச் சாத்திண்டு உக்காந்திருக்கார். என்ன கேட்டாலும் பதில் இல்ல. மருந்து விட்ட அந்த அம்மாவுக்கு மட்டும் தெரியும்னு ஒண்ணு சொன்னார். உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதே அம்மா."

"அவருக்கு பக்தி வேற கூடிப்போச்சு. முன்னெல்லாம் செவ்வாய், வெள்ளிதான் ஆத்துல சாம்பிராணி. இப்ப ரெண்டு வேளையும் மாடிக்கு வேணுங்கறார். நானும் நல்லதுதானேன்னு தணல் போட்டுக் குடுக்கறேன். எனக்கு இருமல் நின்னபாடில்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த இன்னொரு கண்ணும் போயிட்டா என்ன பண்றது சேச்சி? எங்காத்துக்காரருக்குக் கழக்கூட்டத்துல ஆபீஸ். காலைல போனா ராத்திரிதான் வருவார். ஆத்துல நான் ஒருத்திதானே."

என் வீடு மணக்காட்டில். ஸ்ரீவராகம் போகிற வழிதான். மத்தியானம் டியூட்டி முடிந்ததும் அவள் கூடவே போனேன்.

அந்தத் தெருவில் ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்றுதான். உள்ளே நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். மரப்படியில் ஏறும்போதே சாம்பிராணி மூச்சை அடைத்தது. ஜெயஸ்ரீ பாதிப் படியில் நின்றுவிட்டாள். "நீங்களே போங்கோ. என்னக் கண்டா பேச மாட்டார்."

கதவைத் தள்ளினேன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கூரையில் பதித்த ஒரு கண்ணாடி ஓடு வழியாக மட்டும் வெயில் இறங்கியது. அந்த வெளிச்சத்தில் புகை ஆள் உயரத்துக்கு அசையாமல் நின்றது. அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பிராணிக்கு அடியில் சிகரெட் மணம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றை இன்னொன்றுக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

"வாங்கோ. நீங்க வருவேள்னு தெரியும்" என்றார். "அன்னிக்கு அந்த மூலைய நீங்க பாத்த பார்வை... உங்களுக்கும் தெரிஞ்சுது, இல்லையா?"

"எனக்கு ஒண்ணும் தெரியல சாமி. சாமிக்கு என்ன தெரிஞ்சுது?"

அதுவரை ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்.

"முதல்ல வலையாக்கும் வந்தது. வெள்ளச் செவுத்துல, ஓலப்பாய் பின்னினாப்ல. எங்க பாத்தாலும் பின்னல். அப்பறம் அதுக்குள்ளேந்து தலைகள். அப்பறம் முழு ஆளா வந்து நிக்க ஆரம்பிச்சா."

"யாரு சாமி? செத்துப்போனவங்களா?"

"அதான் இல்ல! எங்கப்பா வந்தா நான் ஏன் பயப்படறேன்? ஆத்துக்காரி வந்தா, உக்காருடின்னு சொல்ல மாட்டேனா? இவா ஒருத்தரும் எனக்குத் தெரிஞ்சவா இல்ல. தலையில ஒசரமா துணி சுத்திண்டு, பூ வேல பண்ணின சட்டை போட்டுண்டு. நம்ம ஊர் ஆளே இல்ல. நடப்பா, சத்தம் கெடயாது. வாய் அசையும், சத்தம் கெடயாது. என்னத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. ஏன் வரான்னு கேட்டாலும் பதில் இல்ல."

புகையில் எனக்குக் கண் எரிந்தது. ஆனாலும் துடைக்கக் கை வரவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்கோ. வலது கண்ணும் மங்கினதுலேந்து ஜெயஸ்ரீ எதிர்ல வந்து நின்னா மூஞ்சி தெரியல. சாம்பல் பூசினாப்ல ஒரு வட்டம். ஆனா அவா சட்டையில நூல் நூலாத் தெரியறது. இருக்கறவ தெரியல, இல்லாதவா தெரியறா. இத நான் யார்ட்ட போய்ச் சொல்றது?"

"இப்ப உண்டா சாமி?"

"உண்டு. உங்க வலது தோள்கிட்ட. ஒரு சின்னப் பொண்ணு. உங்களப் பாக்கல. செவுத்தப் பாத்துண்டு நிக்கறா."

நான் பயந்தவள் இல்லை. பிண அறைக்குக் கண் எடுக்கப் போகும் டாக்டர்களோடு டப்பா தூக்கிப் போயிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் வலது தோள் தனியாகக் குளிர்ந்தது. திரும்பவில்லை. திரும்பி, அங்கே யாரும் இல்லாமல் இருந்தால் எனக்கு நல்லது. ஆனால் அவரைப் பொய்யராக்கின மாதிரி ஆகும் என்று தோன்றியது. இருந்தால் என்ன செய்வது என்றும் தோன்றாமல் இல்லை.

அவர் சிகரெட் பற்றவைத்தார். ஆழமாக ஒரு இழுப்பு இழுத்து, என் தோள் பக்கமாக ஊதினார். அந்த அடைத்த அறையில் புகை அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தண்ணீர் வழிந்தது. மறுபடி திறந்தார். முகம் அமைதியாகிவிட்டது.

"போயிட்டா."

"எப்படி சாமி?"

"பொகைக்குப் போயிடுவா. முதல்ல சாம்பிராணிலதான் கண்டுபிடிச்சேன். ஒரு வெள்ளிக்கெழம ஜெயஸ்ரீ பொக காட்டிண்டு வந்தா. என் கண்ணு எரிஞ்சுது, தொறந்து பாத்தா அத்தன பேரும் காணோம். நம்ம பெரியவா கண்ணேறுக்கும் காத்துக்கும் சாம்பிராணி போட்டது சும்மாவா? ஆனா தணலத் தூக்கிண்டு எங்கயும் போக முடியுமா? சிகரெட்டுன்னா பாக்கெட்ல கெடக்கும். விட்டுட்டேன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். கொஞ்சம் கொறச்சும் இருந்தேன். இவா வந்தப்பறம் மறுபடி கூடிப்போச்சு. வரவர இவாளும் நெறய வரா, நானும் நெறய ஊதறேன்."

அப்போதுதான் அவர் ஊசிக்கு வராத காரணம் எனக்கு விளங்கியது. அவரே சொன்னார்: "டாக்டர் சிகரெட்ட நிறுத்துங்கறா. நிறுத்தினா இவாள யார் வெளில அனுப்பறது? ஊசி போட்டுக் கண்ணு தெளிஞ்சா, இவா இன்னும் நன்னாத் தெரிவாளே!"

"டாக்டர்கிட்ட இதைச் சொல்லலாமே சாமி."

"சொன்னா ஊளம்பாறைதான். எங்கண்ணாவ அங்கதான் பைத்தியத்துக்குக் கொண்டு விட்டா. அவர் திரும்பி இந்தப் படி ஏறவே இல்ல. நானும் அப்படிப் போகணுமா?"

 அவர் கண்ட ஆட்கள் காற்றா கருப்பா, நோயா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்க்காரி ஒருத்தியாக மட்டும் இருந்திருந்தால் அவரைப் பேயோட்டுகிற கோடங்கியிடம் கூட்டிப் போயிருப்பேன். ஆனால் அன்றைக்கு என் உடம்பில் ஆஸ்பத்திரிச் சேலை இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு வேறு பேச்சுப் பேசக் கூடாது.

"சாமி, அவங்க யாரோ எவரோ, அதைப் பத்திப் பேச எனக்கு அறிவு பத்தாது. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். வலது கண்ணும் போச்சுன்னா ஜெயஸ்ரீ காதும் தோளும்தான் தெரியும், மூஞ்சி ஒரு நாளும் தெரியாது. அதுக்கப்புறம் உங்களுக்கு மூஞ்சியோட தெரியற மனுசங்க இவங்க மட்டும்தான்."

சிகரெட் அவர் விரலுக்கு நடுவில் தானாக எரிந்துகொண்டிருந்தது. சாம்பல் வேட்டியில் விழுந்தது. தட்டவில்லை.

"நாளைக்கு வாங்க. பாக்கெட்டையும் எடுத்துட்டு வாங்க" என்றேன். "அங்க அவங்க வந்தா நானே உங்களைக் கேட்டுக்கு வெளியே கூட்டிட்டு வாறேன். நீங்க இழுங்க. நான் காவல் நிக்கேன்."

"ஆஸ்பத்திரிக்காரி பேசற பேச்சா இது?" என்றார். முதல் தடவையாக லேசாகச் சிரித்தார்.

கீழே இறங்கியதும் ஜெயஸ்ரீயிடம் ஒன்றுதான் சொன்னேன். "இனிமே மாடிக்குத் தணல் போட்டுக் கொடுக்காதே. ஜன்னலத் திற." ஏன் என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

4. டாக்டர் கதவைச் சாத்தினாள்

மறுநாள் வந்தார். சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டே வந்தார். நான் மருந்து விட்டேன். கண்மணி விரிந்ததும் உள்ளே கூட்டிப் போனேன்.

டாக்டர் கோபமாகத்தான் இருந்தாள். "வியாழன் எந்தா வராதது?" சாமி தரையைப் பார்த்தார். ஜெயஸ்ரீ அவரைப் பார்த்தாள். 

நான்தான் சொன்னேன். "டாக்டரே, சாமி கூட வேற சில பேர் வாறாங்க. நமக்குத் தெரிய மாட்டாங்க. காத்தோ கருப்போ, நான் சொல்ல மாட்டேன். ஆனா அவங்களுக்குப் பயந்துதான் சாமி சிகரெட் பிடிக்காங்க. அதனாலதான் ஊசிக்கும் வரல."

ஜெயஸ்ரீ வாயில் கையை வைத்தாள். சாமி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். டாக்டர் சிரிப்பாள், அல்லது போனை எடுத்து யாரையாவது கூப்பிடுவாள் என்று நானும் பயந்தேன். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தலையில தொப்பியோ தலப்பாவோ உண்டோ சாமீ?"

சாமி நிமிர்ந்தார்.

"சத்தம் இல்லை, அல்லே? நல்ல நெறமுள்ள உடுப்பு. தெரியாத மொகம். சிலது சின்ன உருவம்."

"உங்களுக்கு... உங்களுக்கும் தெரியறதா?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியலை. பக்ஷே இங்க வர்ற பல பேருக்குத் தெரியும். ஆரும் சொல்ல மாட்டாங்க. பைத்தியம்னு சொல்லுவாங்களோன்னு பயம். இது பைத்தியம் அல்ல. மனசுக்கு ஒண்ணும் இல்லை. கண்ணுட நடுவில ஒண்ணும் தெரியாம இருக்கும்போ, மூளை சும்மா இருக்காது. அந்தக் காலி இடத்தில தானே படம் போடும்."

அவள் கொஞ்சம் முன்னால் குனிந்தாள்.

"இப்போ உண்டோ?"

"உண்டு" என்றார் சாமி. "உங்களுக்குப் பின்னாடி. ரெண்டு பேர்."

டாக்டர் திரும்பவில்லை. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். சுவரில் ஒரு காலண்டர் இருந்தது.

சாமியின் கை சட்டைப்பைக்குப் போனது. டாக்டர் அந்தக் கையைப் பிடித்தாள். "அது வேண்டா. கண்ண நல்லா இறுக்கி மூடுங்க. இனி தொறங்க. தலைய அசைக்காம வலத்தோட்டுப் பாருங்க. இடத்தோட்டு. இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரு தடவை."

அவர் செய்தார். விரிந்த கண்மணிகள் கறுப்பாக அங்கும் இங்கும் ஓடின. பிறகு நேராகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார்.

"போயோ?"

"போயிட்டா. பொகையே இல்லாம போயிட்டா."

"புகைக்கு அவங்க போனது அல்ல சாமீ. புகை கண்ணுல பட்டு எரியும்போ நீங்க கண்ண இறுக்கி மூடுறது. மூடித் திறந்ததுலதான் அவங்க போனது. புகை செய்த வேல வேற. உள்ள கெடக்கிற கண்ண அது தின்னுண்டு இருந்தது."

 நானும் ஜெயஸ்ரீயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாமி பேசியது டாக்டரிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. "கண்ணு கெட்டதால வந்தா. நான் ஊதினேன். இன்னும் கெட்டுது. இன்னும் வந்தா. விரட்டறேன்னு நெனச்சுண்டு அவாளக் கூப்ட்டுண்டுன்னா இருந்திருக்கேன்!"

பாக்கெட்டை எடுத்து ஜெயஸ்ரீ கையில் கொடுத்தார். அவள் அதைச் சுடுகிற பாத்திரம் மாதிரி நுனி விரலால் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே ஊசி போட்டார்கள். மரத்துப்போக மருந்து விட்டது நான்தான். "எரியறதா சாமி?" என்றேன். "எரியட்டும்" என்றார்.

5. பிறகு நடந்தது

கதை அதோடு சுபமாக முடிந்தது என்று சொன்னால் பொய்யாகும். நாற்பது வருஷப் புகை ஒரு நாளில் போகாது. மாதாமாதம் ஊசிக்கு வரும்போது அவர் படும் பாட்டை நான் பார்த்தேன். கை பரபரக்கும், கோபம் வரும், ஏலக்காயை மென்றுகொண்டே இருப்பார். ஒரு தடவை குளக்கரையில் யாரிடமோ ஒன்று வாங்கி இழுத்துவிட்டு வந்தாராம். ஜெயஸ்ரீ வாசலிலேயே நிறுத்தி, "எனக்கும் மூக்கு இருக்கறதாக்கும் அப்பா" என்றாளாம். "உன் மூக்கு எனக்குத் தெரியல, என் வாய் மட்டும் உனக்குத் தெரியறதா?" என்று இவர் கத்தினாராம். இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து நியாயம் கேட்டார்கள். நான் யார் பக்கமும் பேசவில்லை. மருந்து மட்டும் விட்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மாற்றம் தெரிந்தது. கண்ணோரச் சிவப்பு குறைந்தது. மருந்து விழுந்தால் துள்ளுவது நின்றது. அவர் வாய் என்ன சொன்னாலும், கண் காயாமல் இருந்ததை வைத்து அவர் புகையைத் தொடவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

இடது கண் போனது போனதுதான். வலது கண்ணிலும், ஊசி தள்ளிப்போன அந்த இரண்டு நாளுக்குள் கொஞ்சம் போயிருந்தது. மீதி நின்றுவிட்டது. ஊசி நிறுத்தியதா, புகையை விட்டது நிறுத்தியதா என்று டாக்டரிடம் கேட்டேன். "ரெண்டும் சேர்ந்து. ஒண்ணு மட்டும் போதாது" என்றாள்.

அந்த ஆட்கள் இப்போதும் வருவதுண்டு. எப்போதாவது, சாயங்கால மங்கலில், சுவரோரமாக. அவர் கண்ணை இறுக்கி மூடி, திறந்து, வலமும் இடமும் பார்ப்பார். போய்விடுவார்கள். சில நாள் அதுகூடச் செய்வதில்லையாம். "நிக்கட்டும். கால் வலிச்சா தானே போவா" என்பார்.

நான் வேலையை விடுவதற்கு முன் கடைசியாக அவர் வந்த நாள். ஜெயஸ்ரீ குனிந்து அவர் செருப்பைச் சரிசெய்து நிமிர்ந்தாள். அவர் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, அந்த வலது கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூக்குத்திய மாத்திட்டயா?" என்றார்.

அவள் மாற்றிப் பல மாதமாகியிருந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "கைய எடு. இப்பத்தான் தெரியறது, மறைக்கறயே" என்று அதட்டினார்.

கண் ஆஸ்பத்திரி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நோயாளியிடம் நாம் எல்லாரும் என்ன தெரியவில்லை என்றுதான் கேட்கிறோம். என்ன தெரிகிறது என்றும் கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் ஒன்றுமில்லை என்று உடனே சொல்லிவிடுவார்கள். சிலர் அதைச் சொல்வதற்கு முன்னால், உங்களைத் தாண்டி, உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்வார்கள். அவர்களை அவசரமாக அனுப்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி ஒரு தடவை கேளுங்கள்.